எடைக்கு எடை வெல்லம்

ஜனவரி 27

காலை: இட்லி இரண்டு.

முதல் வரியிலேயே பொய் எழுதினால் விளங்காது. அடித்துவிட்டு எழுதுகிறேன். இட்லி நான்கு. மிளகாய்ப்பொடி, அதற்கு நல்லெண்ணெய் தாராளமாக.

மதுரை ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண், "வாயில போடுறது எல்லாத்தையும் ஒரு டைரில எழுதுங்க சார். மனசுல தோணுறதையும் எழுதலாம்" என்றது. அதற்காகப் பந்தல்காரர் கொடுத்த இந்த டைரியை எடுத்திருக்கிறேன். வாயில் போடுவதை மட்டும் எழுதினாலே டைரி நிறைந்துவிடும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

பெயர் ஆவுடையப்பன். வயது நாற்பத்து நான்கு. எடை தொண்ணூற்றெட்டு. திருநெல்வேலி டவுனில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். மனைவி பகவதி. பிள்ளைகள் இல்லை.

விஷயம் என் அண்ணன் பிரமநாயகத்தைப் பற்றியது. பாளையங்கோட்டையில் டிராயிங் வாத்தியார். ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கட்டிக்கொண்டே இருக்கிறது. மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பார். சொந்தக்காரர் யாராவது தன் ஈரலில் பாதிக்கு மேல் வெட்டிக் கொடுக்கலாம், கொடுத்தவருக்குத் திரும்ப வளர்ந்துவிடும் என்று டாக்டர் ஜெயசீலி சொன்னார். மதினிக்கு ரத்த வகை சேரவில்லை. அண்ணன் மகள் வடிவு அழுதுகொண்டிருந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"பாதி என்ன டாக்டரம்மா, முழுசாவே எடுத்துக்கிடுங்க" என்றேன்.

"முழுசா எடுத்தா நீங்க இருக்க மாட்டீங்க சார்" என்றார் அவர்.

என் வாழ்க்கையிலேயே நான் வீரமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். மதினி என் காலில் விழப் போனாள். ஸ்கேன் வரும்வரை அந்தப் பெருமை நிலைத்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இவர்கள் மாட்டையே குழாய்க்குள் செருகிப் பார்த்துவிட்டார்கள். என் ஈரலிலும் கொழுப்பு. நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு. பத்துக்குக் கீழே வந்தால்தான் வாங்கிக்கொள்வார்களாம்.

இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் என் சரக்கு இருக்கிறது.

ஜனவரி 28

காலை: இட்லி மூன்று. (உண்மை.)

டாக்டரம்மா சொன்னதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு ஜீன் ஓடுகிறது. லாரி நம்பர் மாதிரி அதற்கு ஒரு பெயர். ஈரலில் சேரும் கொழுப்பை வெளியே அனுப்பும் வேலையை அது மந்தமாக்கிவிடுமாம். அண்ணனுக்கு அப்பா, அம்மா இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. எனக்கு ஒரு பக்கம் மட்டும்.

"அப்ப எங்க மேல தப்பு இல்ல" என்றேன், கொஞ்சம் உற்சாகமாகவே.

"ஜீன் மட்டும் இருந்தா பெரும்பாலும் சத்தமில்லாமக் கிடக்கும் சார். உடம்பு எடையும் சேர்ந்துட்டாத்தான் ஒண்ணை ஒண்ணு ஏத்திவிட்டு ஆடும். எடை குறைஞ்சா உங்க ஈரல் நல்லாவே இறங்கி வரும்."

எனக்குப் புரிந்த பாஷையில் இது இப்படி. பந்திக்கூடத்தில் உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். எங்கள் குடும்பத்துக் கூடத்தில் வெளியே போகும் வாசல் பிறவியிலேயே ஒடுக்கம். ஐம்பது பேர் வந்தால் ஒன்றும் தெரியாது. ஐந்நூறு பேர் நெருக்கினால், சாப்பிட்டு முடித்தவன் எழுந்து போக வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். வாசலை இடித்துக் கட்ட முடியாது. கூட்டத்தைத்தான் குறைக்க வேண்டும். பகவதியின் தம்பி என்னைவிடப் பருமன். அவன் ஈரல் சுத்தமாக இருக்கிறதாம். அவன் கூடத்துக்கு வாசல் அகலம்.

அம்மா தீக்குச்சி. அவளிடமும் அந்த ஜீன் இருந்திருக்க வேண்டும். எழுபத்தெட்டு வயது வரை ஈரலைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அப்பா என்னைப் போல. ஐம்பத்தைந்தில் வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தார். பன்னீர் சோடாவைத் தாண்டி எதையும் தொடாத மனிதரை ஊரே ரகசியக் குடிகாரர் என்றது. அந்தப் பேச்சுக்குப் பயந்து கடைசி நாளில் எங்கள் சித்தப்பாவே வீட்டுக்குள் வரவில்லை. இப்போது அண்ணனையும் அதே சொல் சொல்கிறார்கள்.

டாக்டரம்மா கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். எந்த நேரத்திலும் நான் வேண்டாம் என்று பின்வாங்கலாம். காரணம் கேட்க மாட்டார்கள். வீட்டாரிடம் 'ஈரல் பொருந்தவில்லை' என்று மட்டும் சொல்லிவிடுவார்களாம். எனக்கு அது தேவையில்லாத தகவல். ஞாபகத்துக்காக எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 30

பகவதி நேர்ந்துகொண்டாள். நான் நல்லபடியாக ஆபரேஷன் முடிந்து வந்தால் திருச்செந்தூரில் துலாபாரம். என் எடைக்கு எடை வெல்லம். தராசில் என்னை ஒரு தட்டிலும் வெல்லத்தை மறுதட்டிலும் வைத்து நிறுத்துக் கொடுப்பது. எடை குறைக்க வேண்டியவனை எடை போட்டு வெல்லம் கொடுப்பதாக வேண்டிக்கொண்ட முதல் பெண் இவளாகத்தான் இருப்பாள்.

"நான் எளைச்சிட்டா முருகனுக்குத்தான் நட்டம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "நேந்துக்கிட்ட அன்னைக்கு என்ன எடையோ, அதுதான் கணக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பிப்ரவரி 2

இன்று மண்டபத்தில் மறுவீடு.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் சாப்பாடு என்றால் சொதி. தேங்காயை மூன்று தரம் பிழிந்து பால் எடுத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி இறக்குவார்கள். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். கல்யாண வீட்டார் மண்டபத்துச் சாவியைத் திருப்பித் தருவதற்கு முன் மேனேஜருக்கு ஓர் இலை போடுவார்கள். பெண்ணைப் பெற்றவர் தன் கையாலேயே பரிமாறுவார். மேனேஜர் சாப்பிட்டுவிட்டு "நெறஞ்சிருக்கு" என்று சொன்னால்தான் கல்யாணம் குறையில்லாமல் முடிந்ததாக அர்த்தம். இந்த வழக்கத்தை மண்டபத்தில் கொண்டுவந்தது யார் என்று யோசித்துப் பார்த்தேன். என் மேல்தான் சந்தேகம்.

"டயட்டு அண்ணாச்சி" என்றேன்.

பெண்ணைப் பெற்றவர் முகம் செத்துவிட்டது. "என்ன குறை கண்டிய, சொல்லுங்க. சமையக்காரன்ட்ட கேட்டுப்புடுதேன்" என்றார்.

ஒரு தகப்பன் மனதை நோகடிக்கலாமா? உட்கார்ந்தேன். பெயருக்குக் கை நனைத்தேன். இரண்டாம் முறை சோறு அவராகப் போட்டது. மூன்றாம் முறை நான் இலையை மறைக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

பிப்ரவரி 9

இரவு: ஓட்ஸ் கஞ்சி, காய்கறி போட்டு.

முதல் வாரம் இந்தக் கஞ்சி சுவர் பூசும் கலவை மாதிரி இருந்தது. இப்போது மணக்கிறது, ருசிக்கிறது. கிண்ணத்தை வழித்துக் குடிக்கிறேன். நாற்பத்து நான்கு வருடம் கெட்டுப் போன நாக்கு இரண்டே வாரத்தில் திருந்திவிட்டது என்று பகவதியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"சீரகம் கூடப் போட்டேன்" என்றாள்.

சீரகத்துக்கு இத்தனை சக்தி இருப்பது தெரியாமல் போயிற்று.

பிப்ரவரி 12

நடந்தேன். நாய் துரத்தியதால் கொஞ்சம் ஓடவும் செய்தேன்.

பிப்ரவரி 18

அண்ணனைப் பார்க்கப் போனேன். கை கால் குச்சியாகிவிட்டது. வயிறு மட்டும் அப்பா வயிறு. கண் மஞ்சள். நான் எதிரே உட்கார்ந்ததும் என் வயிற்றையும் தன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் எத்தனாவது மாசம்னு மதினிட்ட கேளுல" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரிக்க வந்து, "வாத்தியார் எப்ப இந்தப் பழக்கத்துக்குப் போனாரு?" என்று மதினியிடம் காதோடு காதாகக் கேட்டாராம். மதினி சொல்லி அழுதாள். அண்ணன் சிரித்தார். "குடிச்சுக் கெட்டான்னு பேரு வாங்கியாச்சு. அதுக்காவது ஒரு நாள் குடிச்சிருக்கலாம்."

வடிவு கல்லூரி கடைசி வருடம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டே அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறது. பகவதி கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. பள்ளிக்கூட லீவு என்றால் எங்கள் வீட்டில்தான் கிடக்கும். என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, "சித்தப்பா, நல்லா எளைச்சிட்டிய" என்றது. பொய்தான். நம்பிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு வடை. துக்கத்தில் சாப்பிட்டது. இதையும் எழுத வேண்டுமா என்று டைரி எழுதச் சொன்ன பெண்ணிடம் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 27

மூன்று முகூர்த்தம். மூன்று மறுவீடு. இன்றைய பக்கத்தில் வேறு எழுத இடமில்லை.

மார்ச் 14

மதுரை. மறுபடி குழாய்க்குள் போய் வந்தேன். எடை இரண்டரை கிலோ குறைந்திருக்கிறது. ஈரல் கொழுப்பு பத்தொன்பதிலிருந்து பதினேழு.

"சொன்ன சாப்பாடுதான் சாப்பிடுறீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"மனசாட்சிப்படி சாப்பிடுதேன்."

"மனசாட்சிய ஸ்கேன்ல பாக்க முடியாது சார்."

"ஜீன் விடமாட்டேங்கு டாக்டரம்மா" என்றேன்.

"ஜீன் சோறு சாப்பிடாது சார்" என்றார் அவர். பிறகு குரலைத் தணித்து, "இன்னும் ஆறு வாரம் பாக்கலாம். அதுக்கு மேல அண்ணனால தாங்க முடியாது. நீங்க இல்லைன்னா அடுத்தது அவர் பொண்ணைத்தான் டெஸ்ட் பண்ணணும்" என்றார்.

வடிவு கூட வந்திருந்தது. கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டது. ரயிலில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நான் குடுக்கேன் சித்தப்பா. நீங்க கவலப்படாதிய" என்றது. இருபத்தோரு வயது. விருதுநகரில் வண்டி நின்றபோது நன்றாகப் பசித்தது. இறங்கி இரண்டு பொட்டலம் தயிர்சாதம் வாங்கினேன். வடிவு சாப்பிடவில்லை. இரண்டையும் நானே சாப்பிட்டேன். இவ்வளவு மோசமான செய்தி கேட்ட அன்று இத்தனை நன்றாக ஏன் பசித்தது என்று தெரியவில்லை.

மார்ச் 15

ஜீனைப் பற்றி நாள் முழுக்க யோசித்தேன். நல்ல விஷயம் அது. எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசாது.

மார்ச் 16

இதை எழுதலாமா என்று தெரியவில்லை.

வடிவு சாயங்காலம் வந்தது. பகவதியிடம் விஷயத்தைச் சொன்னது. அடுத்த வாரம் தானே மதுரைக்குப் போய் டெஸ்ட் எடுக்கப் போகிறதாம். பகவதி அடுப்பருகே நின்றவள் திரும்பவே இல்லை. வடிவு காலேஜிலிருந்து நேரே வந்ததால் பசி. எனக்காக வைத்திருந்த கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு வாய் குடித்தது.

"சித்தி, இதுல நெய் மெதக்கு."

வடிவு இன்னொரு கரண்டி எடுத்துப் பார்த்தது. "முந்திரி அரைச்சு விட்டிருக்கு. தேங்காப்பாலும் இருக்கு. சித்தப்பா டயட்ல இதெல்லாம் உண்டா?"

நான் குதித்தேன். என்னால் குதிக்க முடிகிற அளவுக்கு. "ஒண்ணரை மாசமா என்னைய ஏமாத்திட்டியேட்டீ. நான் ஒருத்தன் வாயக் கட்டி வயித்தக் கட்டிக் கெடக்கேன், நீ கஞ்சிக்குள்ள கல்யாணம் நடத்திருக்க" என்றேன். அண்ணன் உயிர், வடிவு வாழ்க்கை என்று என்னென்னவோ சொன்னேன். கேட்க எனக்கே நன்றாக இருந்தது.

பகவதி அடுப்பை அணைத்தாள். பிறகு திரும்பினாள்.

"ஆமா, நாந்தான் ஊத்துனேன். ஒங்க வயித்தக் கிழிச்சு எடுப்பாங்கன்னு நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கமே வரமாட்டேங்கு. அண்ணாச்சிக்கு மதினி இருக்கா, வடிவு இருக்கா. எனக்கு யாரு இருக்கா? எடை எறங்கலன்னா விட்டுருவாங்கன்னு நெனச்சேன். அடுத்தது இந்தப் பிள்ளையன்னு எனக்கு யாரு சொன்னா?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியாதா? பந்தில ஒக்காந்தா எந்த ஊரு நெய்யின்னு வாசத்துலயே சொல்லுத ஆளு நீங்க. ஒங்க வீட்டுக் கஞ்சில ஊத்துனது ஒங்களுக்குத் தெரியாதா?"

வடிவு என்னைப் பார்த்தது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போனேன். இன்று நாய்கூடத் துரத்தவில்லை.

மார்ச் 17

தெரியும்.

மார்ச் 19

அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினியைக் கடைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். சொல்ல வந்ததை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் போய்விட்டது.

"பயமா இருக்குண்ணே" என்றேன்.

அண்ணன் தலையணையைச் சரித்துக்கொண்டார். "எனக்கு மட்டும் தைரியமா இருக்கா? நீ அங்க எந்திரிச்சு நின்னு முழுசா எடுத்துக்கிடுங்கன்னு சொன்னப்பவே நெனச்சேன். இவன் பயந்துட்டாம்லன்னு. சின்னப் பிள்ளைலயே நீ பயந்தாத்தான் சத்தமாப் பேசுவ."

ஸ்கேனில் கொழுப்பு போதுமான அளவு இறங்கவில்லை என்று தெரிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்ததைச் சொன்னேன். தயிர்சாதத்தையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். நூறு கிலோ ஆள் அழுதால் பார்க்க நன்றாகவா இருக்கும்? அண்ணன் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"வேண்டாம்னு டாக்டர்ட்ட சொல்லிருல. ஈரல் சேரலன்னு அவங்களே சொல்லிருவாங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஒண்ணு மட்டும். வடிவுட்ட நான் வாங்க மாட்டேன். அவ போயி படுத்தாலும் நான் படுக்க மாட்டேன். அதை நீ அவளுக்குப் புரிய வச்சிரணும்."

என்னிடம் வேண்டாம், மகளிடம் வாங்க மாட்டேன் என்றால் மிச்சம் என்ன என்பதை இருவரும் சொல்லவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் வயிற்றின் மேல் கையை வைத்திருந்தார். அப்பா கடைசி மாதத்தில் அப்படித்தான் வைத்திருப்பார். அப்போது எனக்குப் பதினேழு வயது. செய்ய ஒன்றும் இல்லாமல் வாசலில் நின்றேன்.

இப்போது செய்ய ஒன்று இருக்கிறது. பயம் போகவில்லை. ஆனால் அண்ணன் இல்லாத வீட்டை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. இரண்டு பயத்தில் பெரிய பயத்துக்குப் பயப்படுவது என்று முடிவு செய்தேன். இதுதான் என் தைரியம்.

வீட்டுக்கு வந்து பகவதியிடம் சொன்னேன். "அண்ணன் செத்துப் போனா நான் எப்படிட்டீ சோறு திங்க?"

மார்ச் 20

இன்று கஞ்சி சுவர் பூசும் கலவை மாதிரி இருந்தது. ஒரு மணமும் இல்லை. முழுவதையும் குடித்தேன். பகவதி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

மார்ச் 27

மண்டபத்தில் மறுவீடு. பங்குனி என்று பார்க்காமல் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், என்னைச் சோதிப்பதற்கென்றே. இலை போட்டார்கள். பெண்ணைப் பெற்றவர் சொதி வாளியோடு வந்தார். இலையின் முன் நின்று, "அண்ணனுக்கு ஈரல் குடுக்கப் போறேன். கை நனைக்க முடியாது. மன்னிச்சிக்கிடுங்க" என்று கும்பிட்டேன். ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்றால், சொன்னால் சோறு கிடைக்காது என்பதால்தான்.

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க அண்ணன் இதுலதான் போனாரு" என்றார். "குடிகாரன்னு சொல்லிப் பிணத்தைத் தூக்கக்கூட நாலு பேரு வரல."

இருவரும் வெறும் இலை முன் நின்றோம். சொதி மணத்தது. நரகம் என்று ஒன்று இருந்தால் அங்கே சொதி கொதிக்கும் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 6

பசி. பசி. பசி. கோயில் யானையைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. அதன் கையில் ஒரு பழம் இருந்தது.

ஏப்ரல் 15

நேற்று வருஷப் பிறப்பு. பாயசம் இல்லை, வடை இல்லை. பகவதியும் கஞ்சிதான் குடிக்கிறாள். நீ ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றாள். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. மண்டபத்தில் வாடகை வசூலிக்கும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டே பேசினேன். மரியாதை குறைந்தது.

ஏப்ரல் 25

மதுரை. எண்பத்தாறு கிலோ. ஈரல் கொழுப்பு ஏழு.

டாக்டரம்மா படத்தை இரண்டு முறை பார்த்தார். "என்ன பண்ணீங்க?"

"வீட்ல சீரகத்தைக் குறைச்சிட்டாங்க" என்றேன்.

வடிவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், தானம் கொடுக்க அல்ல, தெரிந்து வைத்துக்கொள்ள. அப்பாவின் ஜீன் அதற்கும் வந்திருக்கிறது. ஈரல் சுத்தமாக இருக்கிறது. "உடம்பப் பாத்துக்கிட்டா இது பாட்டுக்கு இது கிடக்கும்மா" என்றார் டாக்டரம்மா. வடிவு தலையாட்டியது. அண்ணன் அதன் கையைப் பிடித்துக்கொண்டு, "நகை போடலன்னாலும் இதப் போட்டுவிட்டுட்டேன் பாரு" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். சிரிப்பு வரவில்லை.

மே 10

நாளை காலை ஆபரேஷன். ஒன்றும் சாப்பிடக் கூடாதாம். இதற்காகவா இத்தனை நாள் பயந்தேன், இதைத்தான் மார்ச்சிலிருந்து செய்துகொண்டிருக்கிறேனே.

அண்ணன் பக்கத்து அறையில் இருக்கிறார். நர்ஸ் வழியாக ஒரு காகிதம் கொடுத்து அனுப்பினார். பென்சிலில் என்னை வரைந்திருக்கிறார். பழைய வயிற்றோடு. கீழே ஒன்றும் எழுதவில்லை.

பகவதி திருநீறு பூசிவிட்டாள். பாதி கண்ணில் விழுந்தது. "கண்ணத் தொறங்க" என்று ஊதினாள். ஊதிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். திருநீறு விழுந்ததால் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

மே 19

கை எழுத வருகிறது. வலி. தும்மக் கூடாது, சிரிக்கக் கூடாது. அண்ணன் ஐ.சி.யூ.விலிருந்து வெளியே வந்துவிட்டாராம். கண்ணில் மஞ்சள் இறங்குகிறதாம். பகவதி சொல்லிவிட்டு, "ஒங்க ஈரலு. அங்க போயும் சும்மா இருக்காது, சொதி கேக்கும்" என்றாள். சிரித்துவிட்டேன். நர்ஸ் இரண்டு பேரையும் திட்டினாள்.

ஆகஸ்ட் 21

திருச்செந்தூர். கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போனோம். அண்ணன் முகக்கவசத்தோடு வந்தார். வயிறு இல்லாத அண்ணனைப் பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது. சட்டை கொடியில் காய்வது போல் தொங்கியது.

பகவதி வெல்லத்தை மூட்டை மூட்டையாக இறக்கினாள். துலாபாரத் தட்டருகே நின்ற கோயில்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு எதுக்கும்மா? இவரு எம்பத்தஞ்சைத் தாண்ட மாட்டாரே."

"தொண்ணூத்தெட்டு" என்றாள் பகவதி. "நேந்துக்கிட்டப்ப அதுதான் எடை. கொறைக்க மாட்டேன்."

நான் ஏறி உட்கார்ந்தேன். மறுதட்டில் வெல்லம் ஏறியது. எல்லாம் ஏறும் முன்பே என் தட்டு மேலே கிளம்பிவிட்டது. அவர் நிறுத்தப் பார்த்தார், பகவதி விடவில்லை. கடைசி வெல்லமும் ஏறியபோது நான் எல்லோர் தலைக்கும் நேராக, சங்கிலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பரம்பரையில் முதல் முறையாக எங்கள் குடும்பத்தில் ஒருவன் தராசில் மேலே போயிருக்கிறான். கீழே வேடிக்கை பார்த்த ஒரு குழந்தை கைதட்டியது.

"தட்டு சமமா நின்னாத்தாம்மா துலாபாரம். கொஞ்சம் எடுத்துருங்க" என்றார் கோயில்காரர்.

"எடுக்க முடியாது" என்றாள் பகவதி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முருகனோடு அவள் பேசிவைத்தது இத்தனை கிலோ என்றுதான். நான் உயிரோடு வந்திருக்கிறேன். அவன் தன் பங்கைச் செய்துவிட்டான்.

அண்ணன் முன்னால் வந்தார். முகக்கவசத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டார். என் தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து மெல்லக் கீழே அழுத்தினார். தட்டு இறங்கியது. நான் தட்டோடு இறங்கி அண்ணன் முகத்துக்கு நேராக வந்தேன். முள் நடுவில் வந்தது.

"இவன்ல ஒரு துண்டு எங்கிட்ட இருக்கு" என்று கோயில்காரரிடம் சொன்னார் அண்ணன். "அதையும் சேத்துக்கிடுங்க."

கோயில்காரர் மணியை அடித்தார். பகவதி இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தாள். வடிவு ஓடி வந்து, வலிக்கப் போகிறது என்று அண்ணன் கையை எடுத்துவிட்டது. நான் மறுபடி மேலே போனேன்.

இறக்கிவிட்ட பிறகு, கையில் ஒட்டியிருந்த வெல்லத் துணுக்கை வாயருகே கொண்டுபோனேன். பகவதி பார்த்தாள். வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

இரவு: இட்லி இரண்டு. இரண்டுதான்.